ஆணி அடிக்காத நிலை

குளிர்காலத்தில் அடுப்பு மூட்டியதும் அந்த வீட்டு மரங்கள் 'டக், டக்' என்று வெடிக்கும். அப்பா போர்வைக்குள் இருந்தபடியே, "வீடு நெட்டி முறிக்குது, நீங்களும் எழும்புங்கோ" என்பார். ஆரா நகருக்கு அருகே ஒரு கிராமத்தில், பருத்த ஓக் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக மரமுளைகளால் கோத்து, இடைவெளிகளில் மண்ணும் வைக்கோலும் அடைத்து வெள்ளை பூசிய, "றீகல்ஹூஸ்" என்று அங்கே சொல்லும் பழங்கால வீடு அது. நாடுவிட்டு வந்த எங்கள் முகத்தைக் கண்டதும் 'வீடு கொடுத்தாயிற்று' என்று மூடிய கதவுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்த பின் கிடைத்த வீடு; அதுவும் பறிபோனால் வேறு போக்கிடம் இல்லை.

கீழ்மாடியில் இருந்த வீட்டுக்காரி, கதவுத் திறப்பைத் தந்தபோது ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொன்னார்: பழைய மரம், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. அம்மா அடிக்கவில்லை. தோரணம் கட்டத்தானே ஆணி வேண்டும் என்று, பால் காய்ச்சிய அன்று நிலைமரத்தில் மஞ்சளைக் குழைத்து அப்பி, குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி கதவைத் தட்டினார், கையில் பேக்கரியில் வாங்கிய பாணும் கொஞ்சம் உப்பும். புதுக்குடி வந்தவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். நிலையைக் கண்டதும் அவர் முகம் சிவந்துபோயிற்று. "ஐயோ, நான் ஆணி அடிக்கேல்லைத்தானே!" என்று அம்மா, மொழிபெயர்க்கச் சொல்லி என்னை முன்னே தள்ளினார்; அப்பா ஈரத்துணியால் தேய்க்கப் போக, மஞ்சள் மரத்தின் இழையோடு இன்னும் இறங்கிற்று. வீடு போய்விட்டது என்றே நினைத்தேன். "இது அழுக்கில்லை, எங்களைச் சேர்த்துக்கொண்ட வீட்டைக் கும்பிடுவது" என்று பள்ளிக்கூட ஜெர்மனில் சொன்னேன். அவர் அப்பாவின் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார்.

"தேய்க்காதீர்கள். கூரை ஏற்றிய அன்று எங்கள் தச்சர்களும் வீட்டை வாழ்த்தி உச்சியில் ஒரு சின்ன ஊசியிலை மரத்தைக் கட்டுவார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான்."

அம்மா அந்தப் பாணைச் சாமிப்படத்துக்குப் படைத்துவிட்டே எங்களுக்குப் பிய்த்துத் தந்தார்.

அந்த நல்ல மனிசி இன்று இல்லை. வீட்டைப் புதிதாக வாங்கியவர்கள் மரத்தை இழைத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தபோது மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை. நாங்கள் இப்போது ஓர்லிகோனில், ஓர் அடுக்குமாடியில். நிலை இரும்பு, அம்மா வைக்கும் பொட்டு மாலைக்குள் உதிர்ந்துவிடும். போன கிழமை எதிர்வீட்டுக்கு எரித்திரியாவிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. நான் பாணும் உப்பும் எடுத்துக்கொண்டு புறப்பட, அம்மா பின்னாலிருந்து சொன்னார்:

"பிள்ளை, அதுகள் நிலையில என்னத்தைப் பூசி வச்சிருந்தாலும் முகத்தைச் சுழிச்சுப்போடாதை."