எங்கள் தோட்டத்துக் கல்யாண எழுத்து

என் அப்பா அம்மாவின் கல்யாணத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அம்மாவுக்குப் பொட்டு வைத்துவிட்டதே நான்தான். கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கரவனெல்லைக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். அங்கே கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது. பதிவாளரிடம் போய்க் கையெழுத்துப் போடுவதற்கு 'எழுத்து' என்று பெயர். அதற்காக வேலையை விட்டுவிட்டு டவுனுக்குப் போய் வர யாருக்கு நேரம் இருந்தது?

எனக்கு ஒன்பது வயதானபோது எழுத்துக்குத் திடீரென்று மவுசு வந்தது. நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, அடுத்த பெருமழைக்கு முன் எல்லோரும் அங்கிருந்து இறங்கிவிட வேண்டும் என்றார்கள். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவில் காணி, ஒரு வீடு. குடும்பம் என்றால் எழுத்து இருக்க வேண்டும். எழுத்து இல்லாமல் பேரன் பேத்தி எடுத்தவர்களே லயத்தில் நிறையப் பேர் இருந்ததால், பதிவாளரையே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்து ஒரே நாளில் எல்லோருக்கும் எழுதிவிட ஏற்பாடு ஆனது. ஏற்பாடு செய்தது அப்பாவின் கட்சி.

அப்பாவுக்கு ஒரு கட்சி என்றால் மாமாவுக்கு வேறு கட்சி. மாமா என்றால் அம்மாவின் அண்ணன், லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராக்காரர். பொழுது சாய்ந்ததும் இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டு, எந்தத் தலைவர் தோட்டத்துக்கு அதிகம் செய்தார் என்று தொண்டை கட்டும்வரை சண்டை போடுவார்கள். "எங்க தலைவர் நெனைச்சா முடியாதது ஒண்ணுமில்ல" என்பது அப்பா தினமும் சொல்வது. பிறகு ஒருவர் காம்பராவில் மற்றவர் தேத்தண்ணீர் குடிப்பார்.

லயத்தின் கடைசிக் காம்பராவில் என் அத்தை இருந்தார். அப்பாவின் தங்கை, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். அவரோடு றக்வான அத்தை இருந்தார். இவர் மாமாவின் மனைவிக்கு, அதாவது எங்கள் மாமிக்கு, சித்தப்பா மகள். மாமியின் பிரசவத்துக்கு உதவி செய்ய றக்வான தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், பிள்ளை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போன பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. எங்கள் தோட்டத்திலேயே பேர் பதிந்து பால் வெட்டினார். அத்தை பேசாததையெல்லாம் சேர்த்து இவரே பேசிவிடுவார். இரண்டு பேரையும் லயத்தில் 'கூட்டாளிங்க' என்பார்கள். அதற்கு மேல் யாரும் பெயர் தேடவில்லை.

இப்போது தேட வேண்டியதாயிற்று. புது வீட்டுக் கணக்கில் அத்தை எங்கள் குடும்பத்தில் சேர்ந்துவிட்டார். றக்வான அத்தை எந்தக் குடும்பத்திலும் சேரவில்லை.

"அப்ப என்னைய பஸ் ஏத்தி அண்ணன் வீட்டுக்கு அனுப்பிருவாங்க போல," என்று அவர் சிரித்தபடி சொன்னார். அத்தை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் ஊதுவதை நிறுத்திவிட்டார். றக்வான அத்தை போய்விட்டால் எனக்கு யார் பேன் பார்ப்பார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எழுத்து நாள் காலையில் பளிச்சென்று வெயில். மழை இல்லாத காலை எங்கள் பக்கத்தில் லேசில் கிடைக்காது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாதே. அதனால் எழுத்துக்கு வந்த ஜோடிகளைத் தவிர தோட்டமே பால் வெட்ட மலைக்குப் போயிருந்தது. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கிழட்டு மாப்பிள்ளைகளும் வெட்கப்பட்ட பெண்களும் வரிசையில் நின்றார்கள். ஒரு மாப்பிள்ளையின் இடுப்பில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். என் அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். மேடையிலிருந்த அவருடைய தலைவர் ஜோடிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்.

அப்போதுதான் மைக்கில் அந்த அறிவிப்பு வந்தது. "சேர்ந்து வாழ்றவங்க, எழுத்து இல்லாதவங்க, யாராச்சும் விடுபட்டிருந்தா ஒடனே வாங்க!"

அடடா, இரண்டு பேர் விடுபட்டிருக்கிறார்களே! நான் லயத்துக்கு ஓடினேன். அத்தைகள் இரண்டு பேரும் கடைசிக் காம்பராவின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க, ஒங்களத்தான் கூப்பிடுறாங்க!" என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பதிவாளர் மேசைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"மாப்பிள்ளை எங்க?" என்றார் பக்கத்திலிருந்த எழுதுவினைஞர்.

"மாப்பிள்ளை இல்லீங்க. இவங்க ரெண்டு பேருந்தான். நான் பொறக்க முந்தியே சேர்ந்துதான் இருக்காங்க."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பதிவாளர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிங்களவர். என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்து, "ஏக கரன்ன பே, நங்கி" என்றார். முடியாது தங்கச்சி என்று அவ்வளவு மெதுவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் விடுவேனா? நினைத்தால் முடியாதது இல்லாத தலைவர் அதோ மேடையில் இருக்கிறாரே. நேரே ஏறிப் போய், "ஐயா, நீங்க சொன்னா எழுதுவாங்கதானே?" என்று கேட்டேன்.

அவர் மைக்கைப் பிடித்துச் சிரித்தார். "மகள், யாரு யாரக் கட்டுறதுங்கிறது நம்ம கலாசாரம். அதுல அரசாங்கம் கை வைக்க ஏலாது. வீடு குடுக்கிறதுதான் எங்க வேல."

எல்லோரும் கைதட்டினார்கள். கீழேயிருந்து றக்வான அத்தையின் குரல் மைக் இல்லாமலே கேட்டது. "கை வைக்காமத்தான் வீட்டுக்கு எழுத்து கேக்குறீங்களாக்கும்!"

கைதட்டல் அப்படியே நின்றது. அப்பா புதுக் கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு அன்று மாலை தலைகால் புரியவில்லை. "இத எங்க தலைவர்கிட்ட கேட்டிருக்கணும்! அவரு சமத்துவம் பேசுறவரு," என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். கோயில் திருவிழாவுக்கு அந்தத் தலைவர் வந்தபோது மாமாவே என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். நான் கேட்டேன். அவர் குனிந்து என் கன்னத்தைத் தட்டினார்.

"நல்ல கேள்வி, மகள். ஆனா இப்ப அதுக்கு நேரமில்ல. மொதல்ல சம்பளம், காணி. மத்ததெல்லாம் பொறகு பார்ப்போம்."

"பொறகுன்னா எப்பங்க?" என்றேன். என் கையில் ஒரு டொபி மிட்டாய் வைத்துவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். டொபி நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலை வாசலில் சண்டை இல்லை. அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "ரெண்டு பேரும் ஒண்ணையேதான் சொல்றானுங்க, மச்சான்," என்றார் மாமா. அப்பா, "நம்ம புள்ளைங்களுக்கு நம்மதான் செய்யணும்," என்றார்.

செய்தார்கள். இரண்டு பேரும் அலைந்து திரிந்து அடுத்தடுத்த காணிகளை வாங்கினார்கள். மாமி தன் தங்கை முறையான றக்வான அத்தையைத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார். அத்தை எங்கள் வீட்டில், றக்வான அத்தை பக்கத்து வீட்டில். சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. குடிபோன கையோடு இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஓர் அறை எழும்பியது. காணி எல்லை அந்த அறையின் நட்டநடுவில் ஓடியது. பார்க்க வந்த அதிகாரி, "இது யாரு வீட்டு அறை?" என்று கேட்டார்.

"பாதி என்னோடது," என்றார் அப்பா.

"மிச்சம் என்னோடது," என்றார் மாமா.

அதிகாரி பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். பெயின்ட் அடிக்கும்போது மட்டும் பழைய குணம் எட்டிப் பார்த்தது. அப்பா தன் பாதிக்குத் தன் கட்சி நிறம் அடித்தார்; மாமா தன் பாதிக்குத் தன் கட்சி நிறம். உள்ளே இரண்டு அத்தைகளும் எல்லைக்கோட்டைப் பார்க்காமல் ஒரே பாயை விரித்துக்கொண்டார்கள்.

இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் லீவுக்குப் போனால் அந்த அறையில்தான் எல்லோரும் கூடி டீவி பார்ப்போம். இப்போது இந்தப் பேச்சு டீவிக்கே வந்துவிட்டது. ஒரு கட்சிக்காரர் கலாசாரம் என்கிறார். இன்னொருவர், இப்படிப்பட்டவர்களைக் குற்றவாளியாக்குகிற பழைய சட்டத்தை மாற்றலாம், கல்யாணம் மட்டும் வேண்டாம் என்கிறார். மூன்றாமவர் பிறகு பார்ப்போம் என்கிறார். "அந்தப் பொறகு இன்னும் கெளம்பலயா?" என்று றக்வான அத்தை கேட்க, அப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில் சேனலை மாற்றச் சொல்லுவார்கள். அத்தை சத்தமில்லாமல் சிரிப்பார். அந்த அறையில் எனக்கு வருகிற தூக்கம் கொழும்பில் வருவதில்லை.

அந்த எழுத்து நாளை என்னுடைய சாகசமாகவே நான் இத்தனை காலம் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். சிவனே என்று வீட்டில் இருந்த இரண்டு பேரை இழுத்துப் போய் மேடை வரைக்கும் வழக்காடியவள் நான் என்று. போன தீபாவளிக்கு அதையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பாதியில் வாயை மூடினேன். அப்படியொரு வெயில் காலையில் அத்தைகள் இருவரும் பால் வெட்டப் போகாமல் வீட்டில் இருந்ததை நான் வேறு எப்போதும் கண்டதில்லை. அன்று இரண்டு பேரும் தலைக்குக் குளித்திருந்தார்கள். பெட்டியில் வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டி, பூ வைத்து, பள்ளிக்கூடத்தைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கையைப் பிடித்ததும், எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வந்தார்கள்.