சுரண்டி அழித்த எண்

காரைக்குடியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் செருப்புக் கடை நடத்தியவன் நான். பாதத்தைப் பார்த்த மாத்திரத்தில் அளவைச் சொல்லிவிடுவேன் என்பதே எனக்கு வாய்த்திருந்த ஒரே கர்வம். அத்தகைய கண்ணை வைத்துக்கொண்டு என் மனைவிக்கு நான் இழைத்த தீங்கை இங்கே எழுதுகிறேன்.

திருமணமான நாள்முதல் அவள் அணிந்தது ஆறாம் எண். கடைக்கு வந்து அவள் தேர்ந்தெடுத்ததில்லை. தேய்ந்துவிட்டது என்பாள், மறுநாள் நான் புதியதைக் கொண்டு செல்வேன். ஐம்பது வயதைத் தொட்டபின், செருப்பு கடிக்கிறது என்றாள். ஏழாம் எண்ணைக் கொடுத்தேன். ஒன்றரை ஆண்டில் அதுவும் இறுகியது, எட்டைக் கொடுத்தேன். கம்பெனிக்குக் கம்பெனி அச்சு மாறும், உன் அளவு ஆறுதான் என்று சொல்லி வைத்தேன். சதை போடும் வயது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டுக்கு மேல் பெண்கள் செருப்பு என் கடையில் இல்லாததால், அடுத்த முறை அதைவிடப் பெரியதான ஆண்களின் எட்டாம் எண்ணில் வார் மெல்லியதாக ஒரு சோடியைத் தேடி எடுத்தேன்.

அதை அணிந்து கோட்டையூரில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு வந்தாள். வாசலில் அருகருகே கிடந்த எங்கள் இருவரின் செருப்புகளையும் பார்த்த என் தங்கையின் கணவர், "என்ன மச்சான், ரெண்டு சோடி கொண்டாந்திருக்கீக? போறதுக்கு ஒண்ணு, வாரதுக்கு ஒண்ணா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மனைவி உள்ளே இருந்தாள். அவள் காதில் அது விழவில்லை. மறுநாள் வார் தைக்க வேண்டுமென்று சொல்லி அந்தச் சோடியைக் கடைக்கு எடுத்துப் போய், அடியில் பதிந்திருந்த எண்ணைப் பிளேடால் சுரண்டி அழித்தேன். அதன்பின் வாங்கிய ஒவ்வொரு சோடிக்கும் அப்படியே செய்தேன். அவள் மனம் புண்படலாகாது என்பதற்காகச் செய்ததாக நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் வெட்கப்பட்டவன் நான்தான்.

பிறகு அவளுக்கு மூட்டுவலி வந்தது. ஓயாத தலைவலியும், காரணமில்லாத வியர்வையும், சர்க்கரையும் தொடர்ந்தன. குரலும் கனத்தது. உள்ளூரில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் என் மனைவியின் கைவிரல்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, மோதிரமோ செருப்போ அளவு மாறியதுண்டா என்று கேட்டார். மோதிரம் போடும் வழக்கமில்லை என்ற அவள், பெருமையோடு என்னைக் காட்டி, "செருப்பு அன்னைக்கும் ஆறு, இன்னைக்கும் ஆறுதான் டாக்டர். கடையே இவுகளோடதுதான்" என்றாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை அசைத்தேன். மூட்டுக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நேரே இருப்பது தெரிந்தது. ஓரத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாமற்போனது. கதவுநிலையில் இடித்துக்கொண்டாள். சாலையைக் கடக்கையில், பக்கவாட்டில் வந்த டவுன் பஸ்ஸைக் காணாமல் காலெடுத்து வைத்தாள். கண் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதன்பின் மதுரைக்குப் போனோம்.

மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில், பட்டாணி அளவேயான ஒரு சுரப்பியில் கட்டி வளர்ந்திருந்தது. கைகால்களைப் பெருக்கியதும் அதுவே. பார்வை நரம்பை அழுத்தியதும் அதுவே. தலையைத் திறக்க வேண்டாம் என்றார்கள். மூக்குத் துவாரத்தின் வழியே மெல்லிய குழாயில் கேமராவைச் செலுத்தி, மண்டையோட்டின் அடியெலும்பில் சிறு வழி திறந்து கட்டியை எடுப்பார்களாம். திறந்த இடத்தை மூக்கின் உட்சவ்வைக் கொண்டே மூடுவார்களாம். வெளியே ஒரு தழும்பும் இராது. அறுவை மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, செருப்பு எப்போது முதல் மாறியது என்று கேட்டார். எண்ணைச் சுரண்டியது உட்பட யாவற்றையும் சொன்னேன். அவர் கண்டிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

அறுவைக்குப் பின், பெரும்பகுதியை எடுத்துவிட்டோம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுற்றிப் படர்ந்ததை விட்டுவைக்க நேர்ந்தது, அதற்கு மாதந்தோறும் ஊசி போட வேண்டும் என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் என்று கேட்டேன். சிறியதாக இருந்திருக்கும், முழுவதும் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூக்கிலிருந்து தண்ணீர்போல் சொட்டினால் உடனே வர வேண்டும் என்றெல்லாம் செவிலியர் சொன்னார். குனியக் கூடாதென்பதால் செருப்பை நான் மாட்டிவிட வேண்டியதாயிற்று. கட்டிலின் ஓரமாக, அவளுக்கு இடப்பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பையிலிருந்து செருப்பை எடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பாமலே, "அடியில என்ன அது, சுரண்டுன மாதிரி இருக்கு?" என்றாள்.

ஓரப்பார்வை திரும்பிவிட்டது. அதற்கு மகிழவும் என்னால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முன்பே வந்திருந்தால் முழுவதும் எடுத்திருக்கலாம் என்று அறுவை மருத்துவர் சொன்னதையும் மறைக்கவில்லை.

என் கையிலிருந்த செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அடைத்த மூக்கோடு மெல்லச் சொன்னாள். "அந்த டாக்டரம்மாகிட்ட நான் பொய் சொன்ன மாதிரில்ல ஆயிருச்சு. நீங்க பக்கத்துலதான இருந்தீக."

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பேச வாயெடுத்தாலும் வேறு வேலை சொல்லி அனுப்பிவிடுவாள்.

ஆறு மாதத்தில் வீக்கம் வடிந்து வார் தொளதொளத்தது. எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான், பழையபடி ஆகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஒருநாள் முற்பகலில் அவள் கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் இருவருக்கு நடுவே பெஞ்சில் அமர்ந்து காலை நீட்டி, அளந்து சொல்லுங்க என்றாள். அளவுப் பலகையை வைத்தேன்.

"எட்டு" என்றேன்.

"என்ன எட்டு?"

"ஆண்கள் எட்டு."

"கேக்கலை."

இன்னும் உரக்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எடுத்துக் கொடுத்த சோடியைக் கவிழ்த்து, அடியிலிருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். வாரை மாட்டுவதற்காக நான் குனிந்தேன். "இப்ப நான் குனியலாம்" என்று சொல்லி, என் கையை விலக்கிவிட்டு அவளே மாட்டிக்கொண்டாள்.