குறையில்லாத பிள்ளை

ஓசூர் வீட்டில் அம்மாவும் நானும் டிவியில் நரபலி பற்றிய திகில் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பலி கொடுக்கப்போகும் சிறுமியின் கை கால்களைப் பூசாரி திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடம்பில் ஒரு வடுகூட இருக்கக் கூடாதாம். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

பல வருடங்களுக்கு முன் நாங்கள் கெலமங்கலத்தில் இருந்தோம். அப்போது எனக்கு எட்டு வயது. கொல்லையில் புதையல் இருக்கிறதென்று பெரியப்பா ஒரு மந்திரவாதியை அழைத்து வந்திருந்தார். அவன்மேல் கற்பூரமும் சாராயமும் கலந்து வீசும். நான் தலைச்சன் பிள்ளை என்று தெரிந்ததும் கிட்டே கூப்பிட்டு என் கை, கால், முதுகெல்லாம் பார்த்தான். "ஒரு குறையும் இல்ல" என்றான். மறுநாளே பெரியப்பா எனக்குப் பட்டுப்பாவாடை வாங்கித் தந்தார். பெருமை தாங்காமல் தெருவெல்லாம் சுற்றினேன்.

அன்று சாயங்காலம், என்னை ஒருநாளும் அடித்திராத அம்மா, களி கிண்டிய அடுப்பிலேயே கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி என் கெண்டைக்காலில் இழுத்தாள். நான் கதறக் கதறத் தூக்கிப்போய் மந்திரவாதியிடம் காட்டினாள். அவன் முகம் சுளித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனான். பெரியப்பா அதன்பிறகு எங்களோடு பேசவில்லை. பாவாடையைக் கழற்ற மாட்டேனென்று அடம்பிடித்ததற்குத்தான் அந்தச் சூடு என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

டிவியை நிறுத்தினேன்.

"ஏம்மா, அன்னைக்கு எனக்குச் சூடு வச்சியே, இதுக்கா?"

அம்மா என் காலை மடியில் எடுத்து வைத்து அந்தத் தழும்பைத் தடவினாள்.

"அண்ணன் பேச்ச மீறமாட்டேன்னு உங்கப்பாவே சொல்லிட்டாரு. நான் வேற என்னடி பண்றது? பெரியவளாயி சேல கட்டுனா தெரியாதேன்னுதான் கால்ல வச்சேன்."