கை வைத்தால் அடிக்கிற வான்

தலைமன்னாருக்கு இந்தியக் கப்பல் வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சோடி கொண்டுவந்து இறக்கிய பழைய வான் அது. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவுகிற தொட்டி எல்லாம் இருந்தன. ஒரு குடும்பமே நடத்தலாம். சண்டை தொடங்கிக் கப்பல் நின்றதும் வானைக் கோயிலடியில் விட்டுவிட்டு அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். சில வருடங்கள் கழித்து மீனவர் சங்கத்தார் எங்கள் ஊர் தாழ்வுபாட்டுக்கு அதைக் கொண்டுவந்து கிளினிக் ஆக்கினார்கள். வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரித் தாதி, எங்கள் பேச்சில் மிசி, வந்து, அந்தக் கட்டிலில் கர்ப்பிணிகளைப் படுக்கவைத்துப் பார்ப்பார்.

அதன் பிளக் பேஸ்களை மாற்றித் தரச்சொல்லி என்னைக் கேட்டார்கள். நான் வயரிங் வேலை செய்கிறவன். ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவன் நான்தான் என்ற தலைக்கனமும் அப்போது இருந்தது. உடனே ஓம் என்றதற்கு வேறு காரணம். என் மனைவிக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆமி மறிக்கிற இரண்டு சென்றி தாண்ட வேண்டும், பாதை பூட்டினால் அதுவும் இல்லை. வான் சரியானால் அவளுக்குப் பக்கத்திலேயே பிரஷர் பார்க்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வானில் இருந்தவை இரண்டு ஓட்டையுள்ள வட்டப் பேஸ்கள். எங்கள் ஊர் பிளக் எதுவும் அவற்றுக்குள் போகாது. எனக்கு முன்னால் யாரோ வயர் நுனியை ஓட்டைக்குள் விட்டு நெருப்புக்குச்சியால் இறுக்கி வைத்திருந்தார்கள். ஐந்தையும் கழற்றினேன். பின்னால் மூன்று வயர்கள்: சிவப்பு, கறுப்பு, சாம்பல். சாம்பலைப் பார்த்ததும் எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. எங்களுக்குச் சிவப்பு கரண்ட், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அரை நாள் யோசித்துவிட்டு, வெளிறிப்போன பச்சைதான் இந்தச் சாம்பல் என்று முடிவுகட்டிப் புதுப் பேஸ்களைப் பூட்டினேன். சங்கக் கட்டடத்திலிருந்து இழுத்துவந்த வயரையும் அப்படியே சேர்த்தேன், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. பல்ப் எரிந்தது. சின்னக் குளிர்ப்பெட்டி உறுமியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

முதல் வியாழன், இலுப்பைக்கடவையிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு பெண் வந்தார். எட்டு மாதம். கதவுப் பிடியில் கை வைத்தவர் அலறிக்கொண்டு மணலில் குந்திவிட்டார்.

"ஐயோ, கரண்ட் அடிக்குது!"

ஓடிப்போய் நானே பிடியைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். ஒன்றுமே இல்லை.

"அக்கா, பிள்ளைத்தாச்சிக்குத் தலைசுத்திறது வழமைதானே. பயப்பிடாமல் ஏறுங்கோ," என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி, ஏறாமலே திரும்பிப் போய்விட்டார்.

அன்றைக்கே இன்னும் இரண்டு பேருக்கு அடித்தது. நான் தொட்டால் அடிக்காது, மிசிக்கு அடிக்காது, அவரை ஏற்றிவருகிற டிரைவருக்கு அடிக்காது. கரண்ட் இருந்தால் எரிகிற ரெஸ்ரரை எடுத்து வானின் சுவரில் வைத்தேன், எரிந்தது. தொட்டியில் வைத்தேன், எரிந்தது. கதவில், கூரையில், எங்கே வைத்தாலும் எரிந்தது. கையால் தொட்டால் ஒன்றும் இல்லாத இடத்தில் ரெஸ்ரர் எப்படி எரியும்? ரெஸ்ரர்தான் பழுது என்று தூக்கி எறிந்தேன். புதிது வாங்கினேன், அதுவும் அதையே சொன்னது. கடற்காற்றில் உப்புப் படிந்ததோ என்று ஐந்து பேஸையும் கழற்றித் துடைத்து அதேபோலத் திரும்பவும் பூட்டினேன். மண்டை காய்ந்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை.

அடுத்த வியாழன் மத்தியானம் வரை யாருக்கும் அடிக்கவில்லை. பிறகு ஒரு அம்மாவுக்கு அடித்தது.

"வானை விட்டிட்டுப் போன வெள்ளைக்காரிக்கு எங்கடை சனம் ஏறுறது விருப்பமில்லைப்போலை," என்றார் டிரைவர். பெண்கள் போய்ப் பங்குச் சுவாமியைக் கூட்டிவந்தார்கள். அவர் செபம் சொல்லி, வாசலில் தீர்த்தம் தெளித்து, பிடியைத் தொட்டுக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் நிம்மதி. அடுத்து வந்த பெண்ணுக்கு முன்னையதைவிடப் பலமாக அடித்தது. சுவாமி என்னைப் பார்த்தார், நான் வானைப் பார்த்தேன்.

மூன்றாம் வியாழன் என் மனைவி வந்தாள். "மற்றவைக்கு அடிக்குது எண்டு நான் வராமல் இருந்தால் உங்களுக்குத்தானே வெக்கம்," என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் வானுக்குள் நாலாவது பேஸில் ரெஸ்ரரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னலால் பார்த்தேன். வாசலில் முதல் நாளே மிசி வைப்பித்த வாளி இருந்தது, உள்ளே மணல் வராமல் கால் கழுவ. அவள் செருப்பைக் கழற்றி, மற்றப் பெண்களின் செருப்புகளோடு ஓரமாக வைத்தாள். கால் கழுவினாள். ஈர மணலில் நின்றாள்.

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். றப்பர் செருப்பு. மிசியின் காலில் சப்பாத்து. சுவாமியும் சப்பாத்தோடுதான் வந்தவர். மிசி இருக்கிற இடத்துக்குச் செருப்போடு ஏறுவது மரியாதையில்லை என்று எங்கள் சனம் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் ஏறும். வேலைக்காரர் நாங்கள் மட்டும் போட்டபடி ஏறி இறங்குகிறோம். போன கிழமை வாளிக்குத் தண்ணீர் வந்ததே மத்தியானத்துக்குப் பிறகுதான்.

"தொடாதையடி!"

வாழ்க்கையில் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. கதவுப் பிடிக்கும் அவள் கைக்கும் ஒரு சாண்தான் இருந்தது. யன்னலால் உள்ளே வந்த வயரைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தேன். பல்ப் அணைந்தது.

"எல்லாருக்கும் முன்னாலை ஏன் இப்பிடிக் கத்துறியள்? நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

வானுக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். அந்தச் சிவப்பு வயரை வானின் தகரத்தோடு ஆணி வைத்து முறுக்கியிருந்தார்கள். அந்த வானைச் செய்த நாட்டில் அந்தக் காலத்தில் சிவப்புத்தான் எர்த்தாம், பிறகு ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். முழு வானுக்கும் கரண்ட் கொடுத்துவிட்டு, ஏறச்சொல்லி ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறேன். ரெஸ்ரர் மூன்று கிழமையாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினேன். பிறகு செருப்பைக் கழற்றி, வாளித் தண்ணீரைக் காலடியில் ஊற்றிவிட்டு, பிடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

அடுத்த நாள் காலை இலுப்பைக்கடவை அக்காவைத் தேடிப் போனேன். படலை கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அவை போன கிழமை வள்ளத்திலை இந்தியாவுக்குப் போட்டினம்."

"வயித்துப் பிள்ளை சுகமாய் இருந்ததோ?"

"வானிலை அடிச்ச நாளிலையிருந்து அசைவு குறைவாக் கிடக்குது எண்டு சொன்னவ. பிறகு என்ன மாதிரியோ தெரியாது."

இரண்டு மாதத்தில் எங்களுக்கு மகள் பிறந்தாள், அழுகைச் சத்தம் சங்கக் கட்டடம் வரை கேட்டது. அக்கரையிலிருந்து திரும்பி வந்தவர்கள் பலரிடம் கேட்டுவிட்டேன். அந்தக் குடும்பத்தை யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை பிறந்திருந்தால் என் மகளைவிட ஒரு மாதம் மூத்தது. மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் இரண்டு பிள்ளைகளின் வயதை எண்ணிப் பார்க்கிறேன்.