ஒருவரும் கேட்காத கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்து. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நீலப் பயணப் பை. அதற்குப் பின்னால் மச்சாள் - என் கணவரின் அக்கா. தலைமன்னாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான். பின்னேரம் போயிடுவன்."

"அதுக்கு இவ்வளவு பெரிய பையோ?"

"உள்ளுக்குக் கருவாடு," என்றார்.

முந்தின வாரம்தான் எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இடது சூலகத்தில் ஒரு நீர்க்கட்டி. "பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை" என்றார் டொக்டர். ஆனால் கட்டிக்குள் ஒரு பகுதி திடமாக இருக்கிறதாம். இரத்தப் பரிசோதனை, பிறகு யாழ்ப்பாணத்தில் எம்ஆர்ஐ. புற்றுநோயா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

பெரும்பாலும்... பல வருடங்கள் செய்தி எழுதியவள் நான். உறுதியாகத் தெரியாதபோது நாங்கள் போடும் சொல் அது.

கணவர் வீட்டாருக்கு விஷயம் தெரியும். ஆனால் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் கணவர்கூட. மச்சாளும் அப்படியே. மீன்பிடி வலையின் விலை பற்றிச் சொன்னார். மடுக் கோயில் திருவிழாவில் சனம் நெரிந்ததைச் சொன்னார். பின்னேரம் வந்தது, அவர் போகவில்லை. என் வயிற்றைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

சாதாரண காய்ச்சல் என்றாலே நாலு பேர் விசாரிப்பார்களே? எனக்கு மனம் விட்டுப் போயிற்று. நானே ஆரம்பித்துப் பார்த்தேன்.

"நாளைக்கு ரத்தம் குடுக்கப் போறன், மச்சாள்."

"ஓம். சாப்பிட்டிட்டுப் போகலாமோ?"

"ஓம், போகலாம்."

"அப்ப இடியப்பம் அவிக்கிறன்."

அவ்வளவுதான்.

மறுநாள் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். வாசல் படலையைத் திறக்கும்போது பின்வளவில் பேச்சுக் கேட்டது. மச்சாள் மீன் செதில் தட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ரீச்சர்.

"உங்கட தம்பி பெஞ்சாதிக்கு என்னவாம்? ஏதும் முடிவு சொன்னவையோ?"

மச்சாள் நிமிரவில்லை.

"ரீச்சர், வள்ளம் கடலுக்க நிக்கேக்க, எப்ப வரும், எப்பிடி வரும் எண்டு எங்கட வீட்டில ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. இதையும் கேக்கக் கூடாதெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். தம்பிக்கும்தான்."

"அப்ப வள்ளம் வரும்வரைக்கும் என்னதான் செய்வியள்?"

"சோறு காய்ச்சுவம். கடலுக்குப் போனவருக்கும் சேர்த்து."

ரீச்சர் சிரித்தார். நான் படலையைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். எனக்குக் கேட்பதுதான் அக்கறை. கடலைப் பார்த்துக் காத்திருந்து பழகிய வீட்டில் அக்கறைக்கு வேறு பழக்கம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

பயம் போய்விட்டதா? இல்லை. ஆனால் அன்று மத்தியானம் பசித்தது. பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது இப்படி ஒரு முடிவுக்காகக் காத்திருக்கலாம். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லையா? உடனே கோபித்துக்கொள்ளாதீர்கள் - ஒருமுறை அடுப்படியை எட்டிப் பாருங்கள்.

எம்ஆர்ஐக்கு அடுத்த மாதம்தான் திகதி தந்திருக்கிறார்கள். மச்சாளின் நீலப் பை இன்னும் வெறுமையாக எங்கள் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.