இரண்டு பேருக்கு ஒரே பந்து

அளவெடுக்காமல் தைத்த ரவிக்கையை நான் ஒருநாளும் போட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில் தையல் கடை வைத்திருப்பவள் அப்படிப் போட்டால் ஊர் சிரிக்கும். அப்பேர்ப்பட்ட நான், கோல்ஃப் ஆட ஆரம்பித்து வெகுகாலம் வரை என் கணவரின் கைக்கு ஏற்ற பந்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். கருங்கல்லைத் தட்டுவது மாதிரி இருக்கும். முழங்கை வரை விண்ணென்று வலி ஏறும். பந்தோ புல்லை உரசிக்கொண்டே ஓடி எங்காவது படுத்துவிடும்.

அவர் வாட்டசாட்டமான ஆள். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மட்டையை வீசினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒதுங்குவார்கள். டிவியில் வருகிற பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கும் பந்துதான் வாங்குவார். "நல்ல பந்துலா இது. இதையே அடி, பழகிடும்" என்பார். பழகவே இல்லை.

ஷா ஆலம் பக்கம் நாங்கள் ஆடும் இடத்தில் வருடத்துக்கு ஒரு ஜோடிப் போட்டி நடக்கும். ஓர் ஆண், ஒரு பெண், இருவருக்கும் ஒரே பந்து. முதல் அடி அவர் அடித்தால், பந்து விழுந்த இடத்திலிருந்து அடுத்த அடி நான். குழியில் விழும்வரை இப்படியே மாறி மாறி. குறைந்த அடிகளில் முடிக்கிற ஜோடிக்குக் கோப்பை. போன வருடம் நாங்கள்தான் கடைசி. என் அடிகளில் பாதி குளத்துக்குள் போயின. சாப்பாட்டு மேசையில், செராஸிலிருந்து வரும் அவருடைய நண்பர், ஓயாமல் பேசுகிற மனிதர், எல்லோர் காதிலும் விழும்படி, "அண்ணே, அடுத்த வருசம் ஆள மாத்திடுங்க. அண்ணிக்குக் கை வரல" என்றார்.

என் கணவர் சிரித்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிள்ளானில் வீடு வந்து சேரும்வரை காரில் நான் வாயைத் திறக்கவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள் நான், அவருக்கே பயமாக இருந்திருக்கும். என்னை விட்டுவிட்டு இவர் இன்னொருத்தியோடு ஆடுவதா? செத்தாலும் நடக்காது என்று முடிவு கட்டினேன்.

கடை மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் தனியாகப் போனேன். வகைக்கு ஒன்றாகப் பந்து வாங்கிக்கொண்டேன். எல்லோரும் எது தூரம் போகும் என்றுதான் பார்ப்பார்கள். நான் குழியருகிலிருந்து தொடங்கினேன். சின்னத் தட்டுத் தட்டினால் எது நிற்கிறது, எது ஓடுகிறது? தூரம் போகும் என்று விளம்பரம் செய்த பந்து, பாசாரில் காய்கறி வாங்கும்போது கை நழுவிய எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு போய்க்கொண்டே இருந்தது. அவருடைய பந்து அங்கே நன்றாகத்தான் நின்றது. ஆனால் தூரத்திலிருந்து அடித்தால் என் கைக்கு அசையவில்லை. பந்து மட்டையில் பட்டதும் கொஞ்சம் நசுங்கித்தான் துள்ளும். அவர் வேகத்துக்கு அது நசுங்கும், என் வேகத்துக்கு எங்கே நசுங்க? கடைசியில் மெதுவாக வீசுகிறவர்களுக்கென்று செய்த ஒரு மென்மையான மஞ்சள் பந்து அகப்பட்டது. அடித்தேன். கை வலிக்கவில்லை. அது எழும்பிக் குளத்தைத் தாண்டி விழுந்ததும், "அடி சக்கை!" என்று நானே கத்திவிட்டேன். பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

என் கணவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"இத அடிச்சா எனக்குத் தூரம் கொறையும்."

"அடிச்சுப் பாருங்க."

அடித்தார். கொஞ்சம்தான் குறைந்தது.

"நீங்க நாலு கஜம் கூடப் போய் என்னங்க பண்றது? அடுத்த அடி நான்தானே? தண்ணியத் தாண்ட வேண்டியவ நான். அப்ப யாரு கைக்கு ஏத்த பந்து வேணும்?"

அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சளா இருக்கே" என்றார். "இருக்கட்டும், தேடுறதுக்குச் சுலபம்" என்றேன்.

இந்த வருடம் அந்தச் செராஸ் நண்பரும் அவர் மனைவியும் எங்களோடு ஒரே குழுவில் ஆடினார்கள். "அலமாக்! அண்ணே, பொம்பளைங்க பந்தா?" என்று முதல் குழியிலேயே ஆரம்பித்தார். ஆட்டம் போகப் போக அவர் பேச்சு குறைந்தது. கடைசிக் குழிக்கு வந்தபோது இரண்டு ஜோடியும் சமம், மற்ற எல்லோரும் எங்களுக்குப் பின்னால். முதல் அடி என் கணவருடையது. அவர் கை பாக்கெட்டுக்குள் போனது. அங்கே அவருடைய வெள்ளைப் பந்து இருப்பது எனக்குத் தெரியும். குழிக்குக் குழி பந்தை மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு. அவர் என்னைப் பார்த்தார். வெறுங்கையை வெளியே எடுத்து, மஞ்சளையே வைத்து அடித்தார்.

அடுத்தது என் அடி, எதிரே குளம். குழியை ஒருமுறை பார்த்துவிட்டு வீசினேன். மட்டையில் பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பந்து உயர ஏறி, தண்ணீரைத் தாண்டி, புல்தரையில் விழுந்து, ஒரு துள்ளலோடு குழிக்குப் பக்கத்திலேயே நின்றது. நண்பரின் மனைவிதான் முதலில் கை தட்டினார். அவர்கள் பந்தும் தாண்டித்தான் வந்தது, ஆனால் எங்கோ ஓரத்தில் கிடந்தது. அங்கிருந்து நண்பர் உருட்டியது நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. பரவாயில்லை, நமக்கும் கைக்கெட்டும் தூரம்தானே என்று நினைத்தேன். என் கணவர் குனிந்தார், தட்டினார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. கோப்பை போய்விட்டது.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது என் கணவர் எழுந்து நின்றார். மேடையில் பேசுகிறவர் அல்ல அவர். "இன்னைக்குத் தோத்தது என்னால. பந்து பாத்து எடுத்தது அவ, தண்ணியத் தாண்டிக் கொண்டாந்து வெச்சதும் அவ. நான்தான் விட்டேன்" என்றார். கோப்பை வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிறைந்திருக்காது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நண்பர் சும்மா இருப்பாரா? "அப்ப அடுத்த வருசம் ஆள மாத்திடலாமா, அண்ணே?"

"மாத்துறதா இருந்தா அவதான் என்னை மாத்தணும். அவகிட்டயே கேளுங்க."

மேசையே என் பக்கம் திரும்பியது. அவரும் பார்த்தார், உண்மையிலேயே பதிலுக்குக் காத்திருக்கிறவர் போல. நான் நுரை பொங்கிய தே தாரேக் டீயை ஒரு வாய் நிதானமாகக் குடித்தேன்.

"இருந்துட்டுப் போகட்டும்லா" என்றேன்.