நான்காம் பெட்டியின் நீல விளக்கு

உங்களை நம்பச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். சந்தேகப்படுகிறவர்கள் எங்கள் நாரின் ஊருக்கு வரலாம்; அன்றைய பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

எங்களுடையது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். மாகாணத்தில் பிறந்தவர்கள், செத்தவர்கள் எல்லோரும் சர்வர் அறையில் ஆறு பெட்டிகளுக்குள் இருக்கிறார்கள். அவற்றைக் கவனித்துவந்த சாதிர்பெக் அண்ணன் மார்ச்சில் மாரடைப்பில் போய்விட்டார்; இப்போது நான் கவனிக்கிறேன். அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் எந்தப் பென் டிரைவும் முதலில் வாசலோரம் கிடக்கும் பழைய மடிக்கணினிக்குத்தான் போகவேண்டும். அதற்கு எந்த இணைப்பும் கிடையாது. "செருப்பக் கழட்டிட்டு உள்ள வரணும்டா" என்பார்.

அன்று வியாழக்கிழமை. மூன்று மணிக்கு 'டிஜிட்டல் பாய்ச்சல்' விழா. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து விருந்தாளிகள். டைரக்டர் குபாத், தன்னைப் பற்றித் தானே எடுத்த இருபது நிமிடப் படத்தைப் பென் டிரைவில் நீட்டினார்.

"நேரா நாலாவது பெட்டில சொருகு, எர்மெக்."

"சார், மொதல்ல மடிக்கணினில பாத்துட்டு..."

"என் படத்தையே செருப்பு கழட்டச் சொல்றியா? மூணு மணிக்குத் திரையில ஓடல, நாளைக்கு நீ வேற வேலை தேடிக்கோ."

பக்கத்தில், கண்காணிப்பு மேசையில் வேலை பார்க்கும் ஆசில்கான் அக்கா முறைத்துக்கொண்டு நின்றாள். வியாழன்தோறும் செத்தவர்களுக்கு வாசனை போகட்டும் என்று ஏழு பூர்சோக் மாவுருண்டைகளை எண்ணெயில் பொரிப்பாள். டிஜிட்டல் ஆபீசில் ஆவிக்குப் பலகாரமா என்று டைரக்டர் அன்றைக்குத் தடுத்துவிட்டார்.

நான்காம் பெட்டியில் ஒரு டிஸ்க்கின் விளக்கு திங்கட்கிழமையே மஞ்சளாகியிருந்தது. அந்த டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தம். புது டிஸ்க் வாங்கும் பணம் விழா பேனருக்குப் போயிருந்தது. இன்னொன்று கெட்டால் அறுபத்திரண்டு வருடப் பதிவும் காலி.

2:14. உள்ளே போய்க் கதவைப் பூட்டினேன். பெட்டியின் பின்புறம் போனேன். சொருகும் துளை அங்கேதான்.

நீல விளக்கு எரிந்தது.

பின்னால் நிற்பவனுக்கு 'இந்தப் பெட்டிதான்' என்று காட்ட, வெளியே கண்காணிப்பு மேசையிலிருந்து ஒருவர் அதை எரியவிடுவார். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நீல விளக்கப் போட்டியாக்கா?"

"நானா? நான் விருந்தாளிங்களுக்கு டீ ஊத்திட்டிருக்கேன்டா!"

பின்பக்கப் பொத்தானை அழுத்தி அணைத்தேன். 2:16. எரிந்தது. அணைத்தேன். 2:17. மறுபடியும்...

அப்போதுதான் வாசனை வந்தது. ஒயர் கருகுகிறதோ என்று பின்புறமாகவே ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்தேன். இல்லை.

காய்ந்த எண்ணெய். வெந்த மாவு.

2:19. பென் டிரைவைத் துளைக்கருகே கொண்டுபோனேன்.

டக்.

முன்பக்கத்தில்... பொத்தான் அமுங்கும் சத்தம்.

"யாரு?"

டக்.

ஓடினேன்.

வாசலோர மடிக்கணினியில் சொருகினேன். நாற்பதே விநாடியில் வைரஸ் வேலையைக் காட்டியது. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குப்பை எழுத்துகளாக மாறின. பிறகு திரை கறுத்தது.

கறுத்துப்போன அந்தத் திரையை டைரக்டரிடம் காட்டினேன். வேலை பற்றிப் பிறகு அவர் பேசவில்லை. விழாவில் படம் ஓடவில்லை. அதற்கே எல்லோரும் முதல் தடவையாக மனமாரக் கை தட்டினார்கள்.

மாலையில் நான்காம் பெட்டியின் இயக்கப் பதிவைப் பார்த்தேன். மேசையிலிருந்து எரியவிட்டால் ஆளின் பெயர் விழும். கையால் அழுத்தினால் எந்தப் பக்கப் பொத்தான் என்று விழும். எரிந்தது ஏழு தடவை. ஏழிலும் 'முன்பக்கப் பொத்தான்'. நான் கடைசிவரை பின்பக்கம்தான் நின்றேன். அக்கா அன்று அடுப்பையே பற்றவைக்கவில்லை.

ஏதோ தோன்றி, சாதிர்பெக் அண்ணனின் பெயரைத் தேடினேன். அவர் போனபோது டைரக்டர் இரங்கல் உரையே அரைமணி நேரம் வாசித்தார். காகிதச் சான்றிதழும் கொடுத்தார்கள். ஆனால் இறப்பைப் பெட்டியில் ஏற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. பதிவேட்டின்படி அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். பணியிலும் இருக்கிறார்.

5:40. அவர் இறந்த தேதியை நானே தட்டினேன். சேமிக்க விரலைக் கொண்டுபோனேன்.

மேசையிலிருந்த கேமரா திரையில், பூட்டிய சர்வர் அறையில், நான்காம் பெட்டி நீலமாயிற்று.

இன்றுவரை நான் சேமிக்கவில்லை.